ஒரு வினைமுற்றும் ஒரு கையெழுத்தும்

இலக்கணம் என்பது பள்ளிக்கூடத்து வாசற்படியோடு முடிந்துவிடும் பொருள் என்று எண்ணுவோர் உண்டு. இருபது வயது வரை நாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம். தேர்வுக்காகப் படித்தோம், மதிப்பெண் பெற்றோம், மறந்தோம். ஆனால், ஒரேயொரு வினைச்சொல்லின் வடிவத்துக்குத் தவறாகப் பொருள் கொண்டதனால், மண்ணறையில் துயிலும் ஒரு நல்ல மனிதரைப் பொய்யராக்கினோம். அவருடைய மனைவியின் நெஞ்சில் இரண்டாண்டுக் காலம் ஒரு முள்ளைத் தைத்து வைத்தோம். அந்த வினைவடிவம் பிரெஞ்சு மொழிக்கு உரியது. பிரெஞ்சுக்காரர் அதனைக் 'கொந்திசியொனேல் பாஸே' என்பர். நாம் அதை 'நிபந்தனை இறந்தகாலம்' என்று தமிழாக்கிக்கொள்ளலாம்.

தமிழ் படிக்கும் முஸ்லிம் குடும்பங்களுக்குப் பிரெஞ்சு இலக்கணம் எதற்கு என்று வாசகர் வினவலாம். காரைக்காலில் பிறந்த எம்மைப் போன்றவர்களுக்கு அந்த மொழி விரும்பித் தேடிக்கொண்ட அணிகலன் அன்று. வீட்டுக் கூரையைப் போல் பிறக்கும்போதே தலைக்குமேல் இருந்தது. 1739ஆம் ஆண்டு பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த எங்கள் ஊர், இடையிடையே ஆங்கிலேயர் பிடித்து வைத்திருந்த காலம் நீங்கலாக, 1954ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் வரை அவர்களுடைய ஆட்சியிலேயே இருந்தது. பிறப்புப் பதிவும் நிலப் பத்திரமும் அந்த மொழியில். எங்கள் ஊர்ச் சபுராளிகளில் பலர் பிழைக்கப் போனதும் பிரெஞ்சுக் கொடி பறந்த சைகோனுக்குத்தான். அந்நகரின் நடுவே 1935இல் எழுந்த பள்ளிவாசல் தென்னிந்திய முஸ்லிம்கள் கட்டியது என்பதை, அதைக் கண்டு வந்த பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள்.

ஆட்சி மாறிய பிறகும் காகிதம் மாறவில்லை. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் கூடிய 178 பேராளர்களில் 170 பேர் இந்தியாவுடன் இணைவதை ஆதரித்தனர். 1956 மே 28இல் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அது சட்டப்படி நடைமுறைக்கு வந்ததோ 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான். அன்று முதல் ஆறு மாதத்துக்குள், எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுப்பவர் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொள்ளலாம். கொடாதவர் இந்தியக் குடிமகன் ஆவார். அந்த ஆறு மாதமும் எங்கள் தெருவில் திண்ணைதோறும் ஒரே பேச்சு. 'ஓப்சியோன்' என்ற சொல் எழுத்தறியாத கிழவிகளின் வாயிலும் புழங்கியது. எமக்கு அப்போது வயது பன்னிரண்டு. எம் வாப்பா கையெழுத்திடவில்லை. அடுத்த வீட்டு மாமா கையெழுத்திட்டதாகச் சொன்னார்கள்.

இந்தச் 'சொன்னார்கள்' என்ற சொல்லில்தான் எம் கதையின் முடிச்சு இருக்கிறது. அதை அவிழ்க்குமுன் இலக்கணத்தைச் சிறிது பார்த்துக்கொள்வோம்.

எங்கள் பிரெஞ்சு ஆசிரியரை நாங்கள் 'முசியே' என்றே அழைப்போம். அவர் கரும்பலகையில் வினையை இரண்டாகப் பிளந்து காட்டுவார். நிபந்தனை இறந்தகாலத்துக்கு வேண்டியவை இரண்டே உறுப்புகள். ஒன்று துணைவினை, மற்றொன்று செயல் முடிந்ததைக் காட்டும் எச்சம். துணைவினையாக வருவன இரண்டு: 'உடைமை' எனப் பொருள்படும் 'அவ்வார்', 'இருத்தல்' எனப் பொருள்படும் 'எத்ர்'. இவற்றுள் ஒன்றை நிபந்தனை வடிவில் நிறுத்தி, அதன்பின் எச்சத்தைச் சேர்த்தால் வினைமுற்று அமைந்துவிடும். 'ழோரே எக்ரி' என்றால் 'எழுதியிருப்பேன்'. 'ழ ஸெரே பார்த்தி' என்றால் 'புறப்பட்டிருப்பேன்'.

பெரும்பாலான வினைகள் 'அவ்வார்' என்பதையே துணைகொள்ளும். போதல், வருதல், புறப்படுதல், நுழைதல், ஏறுதல், இறங்குதல், விழுதல், தங்குதல், பிறத்தல், இறத்தல் முதலிய சிலவும், செய்பவன் தன்மேலேயே நிகழ்த்திக்கொள்ளும் வினைகளும் 'எத்ர்' என்பதைக் கொள்ளும். 'எத்ர்' வந்த இடத்தில், எச்சம் எழுவாயின் பாலுக்கும் எண்ணுக்கும் ஏற்ப மாறும். ஆண் இறந்திருப்பான் என்றால் 'இல் ஸெரே மோர்'. பெண் இறந்திருப்பாள் என்றால் 'எல் ஸெரே மோர்த்'. 'அவ்வார்' வந்த இடத்தில் எச்சம் எழுவாயைப் பொருட்படுத்தாது. செயப்படுபொருள் தனக்கு முன்னே வந்து நின்றால் மட்டும் அதற்கு இணங்கி நடக்கும். 'கடிதம்' அம்மொழியில் பெண்பால் ஆதலால், 'நான் எழுதியிருக்கக்கூடிய கடிதம்' என்று சொல்லும்போது 'எக்ரி' என்பது 'எக்ரித்' ஆகிவிடும். இந்த விதியைக் கேட்டு நாங்கள் பெருமூச்சு விடுவோம். முசியேயோ, சோற்றில் கல் கிடந்தாலும் சோறு சோறுதானே என்று சிரிப்பார்.

துணைவினையின் அமைப்பை அவர் விளக்கியவிதம் இன்றும் மறக்கவில்லை. பிரெஞ்சின் நிபந்தனை வடிவம், எதிர்கால வினையின் அடியை எடுத்துக்கொண்டு, அதன் வாலில் இறந்தகால விகுதியை ஒட்டிக்கொள்கிறது. 'ஓர்' என்பது எதிர்காலத்தின் அடி. 'ஏ' என ஒலிப்பது இறந்தகாலத்தின் விகுதி. இலத்தீன் மொழி பேச்சு வழக்கில் தேய்ந்து பிரெஞ்சாக மாறியபோது விளைந்த இணைப்பு இது. நேற்றில் நின்றுகொண்டு நாளையைப் பார்ப்பதுதான் அந்த வினையின் இயல்பு. அதன்மேல் முடிந்த செயலின் எச்சத்தையும் ஏற்றிவிட்டால், வந்திருக்கவேண்டிய ஒரு நாளை, வராமலே கடந்துபோனது என்ற பொருள் பிறக்கிறது.

நம் தமிழும் இதே வழியில்தான் செல்கிறது என்பதை அன்று நாம் எண்ணிப் பார்க்கவில்லை. 'வந்திருப்பேன்' என்பதைப் பிரித்துப் பாருங்கள். 'வந்து' என்பது இறந்தகால எச்சம். 'இரு' துணைவினை. 'ப்ப்' எதிர்கால இடைநிலை. 'ஏன்' தன்மை விகுதி. கடல் கடந்த இரு மொழிகள், நடவாததைச் சொல்ல, நடந்து முடிந்ததையும் நடக்கப்போவதையும் ஒரே சொல்லில் முடிந்து வைத்திருக்கின்றன.

இனி, பயன். முதற்பயன் நிறைவேறாத நிபந்தனை. பிரெஞ்சில் 'ஆனால்' எனும் பொருளில் 'சி' என்ற சொல் வரும். 'சி' வரும் பகுதியில், இறந்ததற்கும் முந்திய காலமான 'ப்ளுஸ்-க-பர்ஃபே' நிற்கும். மற்றப் பகுதியில் நிபந்தனை இறந்தகாலம் நிற்கும். 'சி ழவே ஸு, ழ ஸெரே வெனு' என்றால் 'தெரிந்திருந்தால் வந்திருப்பேன்'. 'சி'யை அடுத்து ஒருபோதும் நிபந்தனை வடிவம் வரலாகாது. பிரெஞ்சுக் குழந்தைகளே இதில் தடுக்கி விழுவார்கள். 1962இல் பிரான்சில் வெளிவந்த 'பொத்தான் போர்' என்ற திரைப்படத்தில் ஒரு சின்னஞ்சிறுவன், 'சி'க்குப் பின் நிபந்தனை வடிவத்தைப் போட்டு, வருதல் வினைக்கு 'அவ்வார்' துணைவினையையும் சேர்த்து, இரு பிழைகளை ஒரே மூச்சில் செய்வான். நாடே அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது.

இரண்டாம் பயன் வருத்தமும் கண்டனமும். 'செய்திருக்கவேண்டும்', 'செய்திருக்கலாம்' என்று நாம் நம்மையோ பிறரையோ நொந்துகொள்ளும் இடங்கள். மூன்றாம் பயன் பணிவு. 'அறிய விரும்பியிருப்பேன்' என்று கடிதத்தைத் தொடங்கினால், 'அறிய விரும்புகிறேன்' என்பதையே தலை தாழ்த்திச் சொன்னதாகப் பொருள். நான்காவது, பிறர் கூற்றை எடுத்துரைப்பது. 'வேலையை முடித்ததும் வருவேன்' என்று ஒருவர் சொன்னதை, 'முடித்ததும் வருவதாகச் சொன்னார்' என்று நாம் திருப்பிச் சொல்லும்போது, அந்த 'முடித்ததும்' பிரெஞ்சில் இந்த வடிவத்தை ஏற்கும்.

இந்த நான்கையும் நாம் நெட்டுருச் செய்தோம். எம் இலக்கண நூலில், அந்தப் பக்கத்தின் அடியில், சிற்றெழுத்தில் ஐந்தாம் பயன் ஒன்றும் அச்சிட்டிருந்தது. தேர்வுக்கு வாராது என்று அதைத் தாண்டிப் போனோம்.

1970ஆம் ஆண்டு. எமக்கு இருபது வயது. தெருவில் பிரெஞ்சு எழுதப் படிக்கத் தெரிந்த இளைஞர் சிலரே; அவர்களுள் நாமும் ஒருவர். ஓய்வூதியக் கடிதம், பிறப்புச் சான்று, சைகோனிலிருந்து வந்த பழைய கணக்குச் சீட்டு என்று எதை எடுத்துக்கொண்டும் எம் வீட்டுக்கு வருவார்கள். படித்துச் சொல்வோம், எழுதிக் கொடுப்போம். அந்த மதிப்பு எம் தலையைச் சிறிது கனக்கச் செய்திருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

அடுத்த வீட்டு மாமா 1968இல் மௌத்தாகிவிட்டார். சைகோனில் துணிக்கடையில் நின்று, ஊர் திரும்பிச் சிறு கடை வைத்துப் பிழைத்தவர். அவருடைய ஒரே மகன் பிரான்சுக்குப் போக விரும்பினான். 1963இல் அவன் சிறுவன். ஆகவே தகப்பனார் செய்த தேர்வே அவனுடைய நிலையையும் முடிவுசெய்யும். மாமியின் பெயரில் நாமே உரிய அலுவலகத்துக்கு எழுதினோம். 'அறிய விரும்பியிருப்பேன்' என்று பணிவு வடிவத்தில் தொடங்கியதை எண்ணி அன்று எமக்குப் பெருமிதம்.

சில வாரங்களில் மறுமொழி வந்தது. இரண்டே வாக்கியம். 'கிடைத்துள்ள தகவல்களின்படி, தங்கள் கணவர் 1963 சனவரி மாத இறுதியில் அறிவிப்பில்...' என்று தொடங்கி, 'ஓரே சிஞே' என்று முடிந்தது முதல் வாக்கியம். இது தொடர்பாகத் தங்களிடம் உள்ள ஆவணம் எதுவாயினும் அனுப்புக என்றது இரண்டாவது.

'சிஞே' என்றால் கையெழுத்திட்ட. 'ஓரே' நிபந்தனைத் துணைவினை. 'ஓரே சிஞே', கையெழுத்திட்டிருப்பார். எம் மனத்தில் உடனே முதற்பயன் எழுந்து நின்றது. நிறைவேறாத நிபந்தனை, போட்டிருப்பார், ஆனால் போடவில்லை. 'சி' எங்கே என்று தேடவேண்டும் என்ற எண்ணமே வரவில்லை. இல்லாத 'சி'யை நாமே இட்டு நிரப்பினோம். சனவரி இறுதியில் போடுவதாக இருந்தவர், ஏதோ தடையால் போடாமல் விட்டிருக்கிறார் என்று விளக்கமும் கொடுத்தோம். இரண்டாம் வாக்கியத்தை அலுவலகங்களின் வழக்கமான உபசாரம் என்று தள்ளினோம்.

கதவின் அந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்த மாமி சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "அவுஹ போட்டாச்சுன்னுதானே தம்பி வந்து சொன்னாஹ?" என்று மட்டும் கேட்டார்கள். கடிதம் அப்படிச் சொல்லவில்லை என்றோம். தாளை வாங்கி நான்காய் மடித்துக்கொண்டு போய்விட்டார்கள். மகன் பிரான்சுப் பேச்சை விட்டுவிட்டு ஒரு கடையில் கணக்கெழுதப் போனான்.

பயணம் நின்றதைவிடப் பெரிய சேதம் ஒன்று அந்த வீட்டுக்குள் நேர்ந்ததை நாம் அறியவில்லை. முப்பதாண்டு வாழ்ந்த வாழ்க்கையில் தம்மிடம் ஒரு பொய்யும் சொல்லாதவர் என்று அந்த அம்மையார் நம்பியிருந்த மனிதர், இவ்வளவு பெரிய காரியத்தில் பொய் சொல்லியிருக்கிறார் என்று ஆகிவிட்டது. இறந்தவரிடம் சென்று கேட்கவும் முடியாது. எம் உம்மா ஒருமுறை, 'பக்கத்து வீட்டுல இப்பல்லாம் அவுஹ பேச்சே எடுக்குறதில்லை' என்றார்கள். அதன் காரணம் நாமே என்பது எமக்குப் படவில்லை.

1972இல் புதுச்சேரியில் மேற்படிப்புப் படித்துக்கொண்டிருந்தோம். ஒருநாள் ஆசிரியர் ஒரு பிரெஞ்சுப் பத்திரிகைச் செய்தியைச் சொல்வதெழுதுதலாகக் கொடுத்தார். எங்கோ நடந்த ஒரு விபத்து. அதில் மூவர் 'இறந்திருப்பர்' என்று நிபந்தனை இறந்தகாலத்தில் வந்தது. பின்வரிசை மாணவர் ஒருவர் எழுந்து, என்ன நடந்திருந்தால் இறந்திருப்பார்கள், நிபந்தனை எங்கே என்று கேட்டார். வகுப்பு சிரித்தது. ஆசிரியர் சிரிக்கவில்லை. நல்ல கேள்வி என்று சொல்லி விளக்கினார்.

நிபந்தனை இல்லாமல் நிபந்தனை வடிவம் தனித்து வந்தால், பிரெஞ்சில் அதற்கு வேறு பொருள் உண்டு. செய்தி தமக்கு எட்டியிருக்கிறது, ஆனால் அதற்குத் தாம் பொறுப்பேற்கவில்லை என்று எழுதுபவர் விலகி நிற்கும் முறை அது. 'மூவர் இறந்ததாகக் கூறப்படுகிறது; உறுதியாகவில்லை' என்பதே அதன் கருத்து. செய்தித்தாள்களும் அலுவலகங்களும் நீதிமன்றங்களும் இதை நாள்தோறும் ஆளும். 'தகவல்களின்படி' போன்ற தொடர் ஒன்று பெரும்பாலும் அதன் முன்னே நடக்கும். ஒருவரைக் குற்றவாளி என்று தீர்ப்பு வருமுன் எழுதிவிடாமல் காப்பதும் இந்த வடிவம்தான்.

எம் கை எழுதுவதை நிறுத்திவிட்டது. தகவல்களின்படி, தங்கள் கணவர், ஓரே சிஞே. 'தங்கள் கணவர் கையெழுத்திட்டதாகத் தகவல் இருக்கிறது. உறுதி செய்ய ஏதேனும் ஆவணம் அனுப்புங்கள்.' அந்த அலுவலகம் எழுதியது இவ்வளவுதான். அது ஆம் என்பதற்குப் பக்கத்தில் நின்ற ஒரு மறுமொழி. நாம் அதை இல்லை என்று படித்துக் காட்டிவிட்டோம்.

அன்றிரவு அறையில் உறக்கம் வரவில்லை. எம்மை அதிகமாக வாட்டியது பிரெஞ்சு தெரியாமற் போனது அன்று; தமிழ் தெரியாமற் போனது. நம் மொழியில் 'போட்டிருப்பார்' என்ற சொல்லுக்கே இரண்டு முகம் இல்லையா? 'நேரம் கிடைத்திருந்தால் போட்டிருப்பார்' என்றால், போடவில்லை. 'நேற்றே போட்டிருப்பார், போய்ப் பாருங்கள்' என்றால், போட்டிருக்கக்கூடும் என்ற ஊகம். 'போட்டிருப்பார்' என்று மட்டும் சொல்லி நாம் வாயை மூடியிருந்தால், அந்த அம்மையாருக்கு ஒரு கதவு திறந்தேனும் இருந்திருக்கும். 'ஆனால் போடவில்லை' என்ற இரண்டு சொற்களை எம் கைப்பொருளாகச் சேர்த்து அதையும் அடைத்துவிட்டோம்.

இன்னும் ஒன்று. பிறர் சொல்லக் கேட்டதை, 'இதற்கு நான் சாட்சியல்லன்' என்று ஒதுங்கி நின்று சொல்வதற்கு, பிரெஞ்சுக்காரர் இவ்வளவு பெரிய வினைமுற்றைக் கட்டுகிறார்கள். நம் வீட்டுக் குழந்தையும் அதை ஓர் 'ஆம்' விகுதியில் சொல்லிவிடும். வந்தாராம்; போனாராம்; போட்டாராம். 'ஓரே சிஞே' என்பதற்குச் சரியான தமிழ், 'கையெழுத்துப் போட்டாராம்' என்பதே. நாவின் நுனியில் இருந்த அந்த இரண்டெழுத்தை நாம் மறந்தோம்.

மறுநாள் காலை பேருந்தேறினோம். கடலூர், சிதம்பரம், சீர்காழி, தரங்கம்பாடி என்று ஒவ்வோர் ஊராகக் கடந்து காரைக்கால் சேர அசர் நேரமாயிற்று. வழி நெடுக, எதைச் சொல்லித் தொடங்குவது என்று வாக்கியம் அமைத்துப் பார்த்தோம். அமைந்ததெல்லாம் இரண்டாம் பயனாகவே அமைந்தது. சரியாகப் படித்திருக்கவேண்டும், தெரிந்தவரைக் கேட்டிருக்கலாம், அவசரப்படாமல் இருந்திருந்தால்...

வீட்டுக்குப் போகாமல் நேரே மாமியின் வாசலுக்குச் சென்றோம். செய்த பிழையை மறைக்காமல் சொன்னோம். கடிதம் மாமா கையெழுத்திடவில்லை என்று கூறவில்லை. கையெழுத்திட்டாராம் என்றே கூறுகிறது. தவறு எம் படிப்பில் என்றோம்.

உள்ளே தகரப் பெட்டி திறக்கும் ஓசை கேட்டது. நான்காய் மடித்த தாள் கதவிடுக்கில் வெளியே வந்தது. "இன்னொரு தரம் படிங்க தம்பி" என்றார்கள். படித்தோம். ஒவ்வொரு சொல்லாகப் பொருள் சொன்னோம். தெரியாததைத் தெரியாது என்றோம். அது உறுதியான செய்தி அன்று என்பதையும் சொன்னோம். அவர்கள் அழுதார்களா என்பதை நாம் காணவில்லை. குரல் மட்டும் வந்தது: "அப்ப அவுஹ பொய் சொல்லலை."

ஆறுதலுக்காக ஆம் என்று சொல்லிவிட நா எழுந்தது. ஆனால் ஒருமுறை செய்த பிழையை மறுபுறமாகத் திருப்பிச் செய்ய அஞ்சினோம். பொய் சொன்னார் என்பதற்குச் சான்று எதுவும் இல்லை. மெய் சொன்னார் என்பதை உறுதிசெய்ய மறுபடி எழுதுவோம் என்றோம்.

எம் வருத்தம் அப்போது வாய்விட்டு வந்தது. அன்றே ஒழுங்காகப் படித்திருந்தால் இரண்டு வருடம் வீணாகியிராதே என்று சொல்லத் தொடங்கினோம். மாமி இடைமறித்தார்கள். "அந்த 'லவ்' பேச்சை விடுங்க. அடுத்து என்ன எழுதணும், அதைச் சொல்லுங்க."

நேர்ந்துவிட்ட துன்பத்தின்மேல், 'இப்படிச் செய்திருந்தால் இப்படி ஆகியிருக்குமே' என்று புலம்பவேண்டாம், அந்த 'லவ்' என்னும் சொல் ஷைத்தானின் வேலைக்கு வாயில் திறக்கும் என்ற கருத்தில் நபி பெருமானார் (ஸல்) அவர்களின் அறிவுரை சஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. மார்க்க வகுப்பில் நாமும் கேட்டதுதான். அரபு இலக்கணத்தில் 'லவ்' என்பது பிரெஞ்சின் 'சி'க்கு நேரானது. அதன்பின் இறந்தகால வினை வரும். முடிவுப் பகுதியில் 'ல' என்ற எழுத்து முன்னொட்டும். 'லவ் ஜாஅனீ ல அக்ரம்துஹு', 'என்னிடம் வந்திருந்தால் அவரைக் கண்ணியப்படுத்தியிருப்பேன்' என்பது பாடப்புத்தகத்து எடுத்துக்காட்டு. ஒன்று நிகழாமையால் மற்றொன்றும் நிகழாமற் போனதைக் காட்டும் சொல் என்று அரபு இலக்கணிகள் அதற்கு இலக்கணம் வகுத்தார்கள். மூன்று மொழியில் இந்த வடிவத்தைப் படித்த எமக்கு, அதை எங்கே நிறுத்தவேண்டும் என்று கற்பித்தவர் எழுத்தறியாத அந்த அம்மையார்.

அடுத்து எழுத என்ன இருக்கிறது என்று கேட்டோம். மாமியின் நினைவு திரண்டது. கையெழுத்துப் போடப் போன அன்று மாமா நோன்பாளி. நோன்பு பிடித்து இரண்டோ மூன்றோ நாள் ஆகியிருந்தது. உடன் போனவர் இருவர். அவர்களுள் ஒருவர் உயிரோடு இருந்தார். திரும்பி வந்து நோன்பு திறக்கையில் 'போட்டாச்சு' என்றார். நாம் பழைய நாட்குறிப்பைத் தேடிப் பார்த்தோம். அவ்வாண்டு ரமலான் பிறந்தது 1963 சனவரியின் கடைசி வாரத்தில். அலுவலகம் சொன்ன 'சனவரி இறுதி'யும் மாமி சொன்ன நோன்பும் ஒன்றோடொன்று பொருந்தின. ஆறு மாதக் கெடு முடியவோ பிப்ரவரி நடுப்பகுதி வரை நாள் இருந்தது.

இம்முறை கடிதத்தைத் தனியே எழுதவில்லை. எழுதியதைப் பழைய முசியேயிடம் கொண்டுபோய்க் காட்டினோம். அவர் ஒரே ஓரிடத்தில் திருத்தினார். 'ஓரே' என்று ஒலிக்கும் வடிவம் பிரெஞ்சில் இரண்டு உண்டு. தன்மை ஒருமையில், நிபந்தனைக்கு இறுதியில் ஒலிக்காத ஓர் எழுத்து உண்டு. எதிர்காலத்துக்கு அது இல்லை. பணிவுக்காக நாம் எழுதிய 'விரும்பியிருப்பேன்' என்பதில் அந்த ஊமை எழுத்தை விட்டிருந்தோம். காதுக்குத் தெரியாத எழுத்தையும் கண் காக்கவேண்டும் என்றார் முசியே.

இரண்டு மாதங்கழித்து மறுமொழி வந்தது. இந்தத் தடவை உறையைப் பிரித்ததும் தேதியையோ முத்திரையையோ நாம் பார்க்கவில்லை. வினையைத் தேடினோம். 'அ சிஞே' என்றிருந்தது. 'ஓரே' போய் 'அ' வந்துவிட்டது. நிபந்தனையும் இல்லை, 'ஆம்' விகுதியும் இல்லை. கையெழுத்திட்டார், 1963 சனவரி 28 அன்று. அலுவலகமே பொறுப்பேற்றுச் சொல்லும் நேர்வினை.

மாமியிடம் படித்துக் காட்டினோம். மகனுடைய பயணத்தைப் பற்றி அவர்கள் முதலில் கேட்கவில்லை. "போட்டாராமா, போட்டாரா?" என்று கேட்டார்கள். போட்டார் என்றோம். அன்று மாலை மகனை அழைத்து, மாமாவின் கப்ருக்குச் சென்று ஃபாத்திஹா ஓதி வரச் சொன்னார்கள் என்று பின்னர் எம் உம்மா கூறக் கேட்டோம். மகன் 1974இல் கப்பலேறாமல் விமானத்திலேயே பிரான்சு போய்ச் சேர்ந்தான். மாமி ஊரை விட்டுப் போகவில்லை. மாமா கட்டிய வீட்டிலேயே இருந்து மௌத்தானார்கள்.

ஐம்பது ஆண்டுகளுக்குமேல் ஆகிவிட்டன. நம் வீடுகளில் இன்றும் பிற மொழியில் காகிதங்கள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. வளைகுடாவின் ஒப்பந்தம், மருத்துவமனைச் சீட்டு, வங்கிக் கடிதம், வெளிநாட்டுப் பிள்ளையின் நீதிமன்ற அறிக்கை என்று அவற்றின் வகை மட்டுமே மாறியிருக்கிறது. படித்த பிள்ளையின் கையில் கொடுத்து, என்ன எழுதியிருக்கிறது என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். அப்போது அந்தப் பிள்ளையின் வாயிலிருந்து வருவதே அவர்களுக்குக் கடிதம். சரிபார்க்க அவர்களுக்கு வேறு வழி இல்லை.

பிறர் பொருளை நம்மிடம் ஒப்படைத்தால் அதை அமானிதம் என்கிறோம். பிறருக்கு வந்த சொல்லும் அமானிதமே. அதில் உள்ள 'ஆம்' ஒன்றை உதிர்க்கவும் நமக்கு உரிமை இல்லை. இல்லாத 'ஆனால்' ஒன்றைச் சேர்க்கவும் உரிமை இல்லை. நடந்ததா, நடந்ததாமா, நடந்திருக்குமா என்ற மூன்றுக்கும் இடையே உள்ள தொலைவு இலக்கண நூலில் அரை விரல்கூட இராது. ஒரு குடும்பத்தில் அது எவ்வளவு தொலைவு என்பதை நாம் பார்த்திருக்கிறோம்.

எம் பேரப்பிள்ளைகளில் ஒருத்தி இப்போது பிரெஞ்சு படிக்கிறாள். சென்ற வாரம் தன் புத்தகத்தைக் கொண்டுவந்து இந்தப் பாடத்தைக் கேட்டாள். துணைவினையும் எச்சமும் சொல்லிக்கொடுத்தோம். நான்கு பயன்களையும் சொன்னோம். பக்கத்தின் அடியில் சிற்றெழுத்தில் இருந்ததைக் காட்டி, அது தேர்வுக்கு வருமா என்று கேட்டாள். வராது என்றோம், அதை முதலில் படி என்றோம்.